தோட்டத்துப் பாடசாலையா, டவுன் பாடசாலையா? தரம் ஒன்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனிலிருந்து ஒரு தாய் வந்திருந்தார். கையில் தரம் ஒன்று அனுமதி விண்ணப்பம். "டீச்சர், டவுனுக்கே போடப் போறோம். வேன்ல போயிடுவான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பதினொரு வருடத்துக்கு முன் இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். என் மாமியார் வேண்டாம் என்றார். கேட்கவில்லை.

நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் பத்தொன்பது வருடமாகத் தரம் ஒன்றும் இரண்டும் படிப்பிக்கிறேன். ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியாக வேண்டும், பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். வருடா வருடம் நல்ல தாய் தகப்பன்மார் விழுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பிள்ளையின் நாளைக் கணக்குப் பார்க்காதது

என் மூத்தவனை ஹற்றன் டவுனில் ஒரு பெரிய பாடசாலையில் சேர்த்தோம். தோட்டத்துப் பாடசாலை எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடம். நானே அங்கேதான் படிப்பித்தேன். ஆனாலும் நம் பிள்ளையாவது டவுனில் படிக்கட்டும் என்ற ஆசை.

பாடசாலை 7.30க்குத் தொடங்கும். ஹற்றனுக்கு நேரே போனால் ஒரு மணி நேரம் போதும். வேன் நேரே போகாது. நோர்வூட் வரைக்கும் தோட்டச் சந்திகளில் நிற்கும், இரண்டு இடத்தில் உள்ளே இறங்கிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும். அதனால் எங்கள் வாசலுக்கு 5.40க்கே வந்துவிடும். பிள்ளையை 4.45க்கு எழுப்ப வேண்டும். ஜூன், ஜூலையில் அந்த நேரம் வெளியே மழையும் இருட்டும்தான். அரைத் தூக்கத்தில் பல் விளக்கி, அரைத் தூக்கத்தில் சட்டை போட்டு, தூக்கிக்கொண்டு போய் வேன் சீட்டில் வைத்துவிட்டு வருவேன்.

இது காலை. நான் யோசிக்காமல் விட்டது மத்தியானம். தரம் ஒன்று, இரண்டு பிள்ளைகளை 11.30க்கே விட்டுவிடுவார்கள். பெரிய பிள்ளைகளுக்கு 1.30. வேன் எல்லாரையும் ஒரே தடவையில்தான் ஏற்றும். அந்த இரண்டு மணி நேரமும் என் பிள்ளை கேட்டுக்குப் பக்கத்து வாங்கில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். அப்புறம் ஒவ்வொருவராக இறக்கி இறக்கி வீட்டுக்கு வர 3.30. நான்கு மணி நேரப் படிப்புக்குப் பத்து மணி நேரம் வீட்டை விட்டு வெளியே. ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் எழுதிப் பார்க்கவில்லை.

இரண்டாம் தவணையில் ஒன்றைக் கவனித்தேன். தண்ணீர்ப் போத்தல் நான் நிரப்பிக் கொடுத்தபடியே திரும்பி வந்தது. ரொட்டியும் சம்பலும் கூடப் பாதிதான் இறங்கியிருக்கும், ஆனால் தண்ணீரில் ஒரு வாய் குறையவில்லை. ஏசினேன். ஒருநாள் குளிக்க வார்க்கும்போது அவனே சொன்னான்: "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும்மா. வேன் அங்கிள் நிப்பாட்ட மாட்டாரு." ஐந்து வயதுப் பிள்ளை, விடியற்காலையிலிருந்து தாகத்தை அடக்கப் பழகியிருந்தான். கொஞ்ச நாளில் சிறுநீரில் கிருமி என்று மருந்து எடுக்க வேண்டி வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தோடு தூங்கிவிடுவான். ஆறு மணிக்கு எழுந்து அழுவான். வீட்டு வேலை எழுத இரவு எட்டாகும். 'அ'வின் சுழியை முடிக்குமுன் பென்சில் கையிலிருந்து நழுவும். 'கவனம் போதாது' என்று கொப்பியில் சிவப்பு மையில் குறிப்பு வந்தது. என் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுப்புகிறீர்கள் என்றுதான் தாயிடம் முதலில் கேட்பேன். என் பிள்ளை விஷயத்தில் அதை நான் கேட்டுக்கொள்ள ஒன்றரை வருடம் ஆனது. தரம் இரண்டு நடுவில் விலகல் சான்றிதழ் எடுத்து எங்கள் பாடசாலைக்கே கொண்டுவந்தேன். அவனாக ஒரு புத்தகத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கியது தரம் மூன்றில்தான். வேனுக்குக் கட்டிய காசை மறந்துவிட்டேன். அந்த ஒன்றரை வருடத்தை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

முதலாம் தவணை சிவனொளிபாதமலை யாத்திரை சீசனுக்குள்தான் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் பூரணையிலிருந்து வெசாக் வரை, நீண்ட விடுமுறை வருகிற வாரங்களில் ஹற்றன் - நோர்வூட் பாதையில் வாகனம் நகராது. சீசன் முடிய மழை தொடங்கும். மண் சரிந்து பாதை அடைபடுகிற நாட்களும் உண்டு.

ஆகவே விண்ணப்பம் போடுமுன் அந்த வேனில், அதே நேரத்துக்கு, நீங்கள் ஒருநாள் போய் வாருங்கள். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. 11.30க்கு விட்ட பிள்ளைகள் வேன் வரும்வரை எங்கே இருக்கிறார்கள், யார் பார்த்துக்கொள்கிறார்கள், அந்த நேரம் மலசலகூடம் திறந்திருக்கிறதா என்று நின்று பாருங்கள். ஒரு சீட்டில் எத்தனை பிள்ளை என்றும் எண்ணுங்கள். பக்கத்துப் பாடசாலை என்றாலும் இந்தக் கணக்கு வேண்டும். அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது 11.30க்கு வருகிற பிள்ளைக்கு யார் கதவைத் திறப்பது? பாட்டியா, பிள்ளைக் காம்பராவா (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம்)? இதையும் முதலிலேயே பேசி வைக்க வேண்டும்.

உயர்தரப் பெறுபேற்றைப் பார்த்து மயங்குவது

டவுன் பாடசாலை வாசலில் மூன்று ஏ எடுத்தவர்களின் படங்களோடு பெனர் தொங்கும். அவர்களில் எத்தனை பேர் தரம் ஒன்றிலிருந்தே அங்கே படித்தவர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தரம் ஆறிலும் சாதாரண தரத்துக்குப் பிறகும் வந்து சேர்ந்தவர்கள் இருப்பார்கள். அரச பாடசாலைகளை வகை பிரித்திருக்கிறார்கள்: 1ஏபி பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கும். 1சி என்றால் கலையும் வர்த்தகமும். வகை 2 தரம் 11 வரை, வகை 3 ஐந்து அல்லது எட்டு வரை. இந்தப் பிரிப்பிலிருந்து மேலே எதுவரை படிக்கலாம் என்று தெரியும், அவ்வளவுதான்.

உங்களுக்கு வேண்டியது தரம் ஒன்று வகுப்பறை. அதிபரிடம் அனுமதி கேட்டு அரை மணி நேரம் வாசலில் நில்லுங்கள். ஆரம்பப் பிரிவுக்குப் பயிற்சி பெற்ற டீச்சரா? வருடாந்த இடமாற்றத்தில் ஜனவரியில் போய்விடுவாரா? வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? தரம் ஒன்று என்பது விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என மூன்றும் கலந்தது, அதில் விளையாட்டுக்கே கூடுதல் இடம். பிள்ளைகள் முழு நேரமும் கரும்பலகையைப் பார்த்துக் கொப்பி எழுதிக்கொண்டிருந்தால் காரணம் கேளுங்கள்.

தோட்டப் பாடசாலைக்காகப் பொய் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் ஒரே டீச்சர் இரண்டு வகுப்பைச் சேர்த்துப் படிப்பிக்கிற பாடசாலைகள் இருக்கின்றன. கைதேர்ந்த டீச்சரென்றால் அதிலும் பிள்ளை நன்றாகவே படிக்கும். ஆனால் டீச்சரே இல்லாமல் வகுப்பு மாதக்கணக்கில் கிடந்தால், தூரமானாலும் மற்றதைப் பாருங்கள்.

மொழிமூலத்தை வேலை வாய்ப்பாக நினைப்பது

சிங்களம் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்று சிலர் பிள்ளையைச் சிங்கள மொழிமூலத்தில் சேர்க்கிறார்கள். சிங்களம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தமிழ்ப் பாடசாலையிலும் அது இரண்டாம் மொழியாக வருகிறது. ஆனால் கணக்கையும் சுற்றாடலையும் வீட்டில் யாரும் பேசாத மொழியில் படிக்கிற பிள்ளைக்கு, இரவு கொப்பியை விரித்தால் உதவ ஆளில்லை. தரம் நான்கில் தமிழுக்கு மாற்ற வேண்டும் என்று என்னிடம் வந்த பிள்ளைகளுக்கு இரண்டு மொழியிலும் வாசிக்க வரவில்லை. அம்மாவோ அப்பாவோ சிங்களத்தில் எழுத வாசிக்கத் தெரிந்தவரென்றால் வேறு விஷயம். அப்போதும் சைவநெறி படிப்பிக்க ஆள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

கட்டடத்தை மட்டும் பார்ப்பது

குழாயைத் திறந்து பாருங்கள், தண்ணீர் வருகிறதா என்று.

சொந்தக்காரர் விலாசத்தில் விண்ணப்பம் போடுவது

போடாதீர்கள். வீடு பார்க்க வருவார்கள். பொய் ஆவணம் என்று தெரிந்தால் அனுமதியே இரத்தாகும்.

தூரப் பாடசாலைக்கு மட்டும் விண்ணப்பிப்பது

அரச பாடசாலைகளில் இடங்களில் 50 சதவீதம் அருகில் வசிப்போருக்கு, 25 பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகளின் சகோதரருக்கு. வீட்டுக்கும் அந்தப் பாடசாலைக்கும் இடையில் பிள்ளை சேரக்கூடிய வேறு அரச பாடசாலைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) இருப்பவர்களில் பெரும்பாலானோரிடம் காணி உறுதி இல்லை, அங்கேயும் புள்ளி போகும். மிஞ்சுவது வாக்காளர் இடாப்பு. ஐந்து வருடப் பதிவு விடுபடாமல் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் இப்போதே பாருங்கள். இரண்டு பாடசாலைக்கும் விண்ணப்பியுங்கள். டவுன் பட்டியலில் பெயர் வராமல், டிசம்பரில் அவசர அவசரமாக எங்கள் அதிபரிடம் வந்து நிற்கிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

இப்போது விட்டால் பிறகு கிடைக்காது என்ற பயம்

தரம் ஆறில் மறுபடி சேரலாம். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை வெட்டுப்புள்ளியாலும் சேர்கிறார்கள், வெற்றிடத்துக்கு விண்ணப்பித்தும் சேர்கிறார்கள். பதினொரு வயதுப் பிள்ளை பஸ்ஸில் நின்றுகொண்டு போகும், நேரத்துக்குத் தண்ணீர் குடிக்கும். என் மூத்தவன் தரம் ஆறில் ஹற்றனுக்குத்தான் போனான். பஸ் பிடிக்கத் தானாக எழும்பினான்.

அந்தத் தாயிடம் இவ்வளவையும் சொல்ல நேரமில்லை. விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்து, வரும் செவ்வாய்க்கிழமை 5.40 வேனில் ஒரு சீட் கேட்டுப் போய் வரச் சொன்னேன். ஒருநாள் பேர் (அன்றைய சம்பளம்) போகுமே என்று யோசித்தார், பிறகு சரி என்றார். மகனையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறார்.