புது ஹார்டு டிஸ்க்கில் வரும் மென்பொருளை நீக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வாங்கிய எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கைச் செருகினால், நாம் கேட்காத சில ஃபைல்கள் அதில் உட்கார்ந்திருக்கும். பார்த்த கையோடு பலரும் ஃபார்மட் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வேண்டாத வேலை. சீகேட் டிஸ்க்குகளில் வரும் ‘ஸ்டார்ட் ஹியர்’, வாரண்டி பிடிஎஃப் போன்றவை சாதாரண ஃபைல்கள்தான். டெலீட் செய்தால் போய்விடும். ஆனால் அந்த ‘ஸ்டார்ட் ஹியர்’ வழியாகப் பேக்கப் புரோகிராமை ஏற்கெனவே நிறுவியிருந்தால், டிஸ்க்கில் எதை அழித்தாலும் அது தினமும் எட்டிப் பார்க்கும். அது இருப்பது உங்கள் கம்ப்யூட்டரில்; செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய் அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய மை பாஸ்போர்ட், மை புக் டிஸ்க்குகள் வேறு ரகம். செருகினால் டிஸ்க்கோடு ‘டபிள்யூடி ஸ்மார்ட்வேர்’ என்று ஒரு சிடி டிரைவும் தோன்றும். உண்மையில் சிடி எதுவும் கிடையாது. டிஸ்க்குக்குள்ளேயே பதிந்திருக்கும் இயக்க மென்பொருளான ஃபர்ம்வேர்தான் அப்படிக் காட்டுகிறது. அதனால் எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அது அப்படியே நிற்கும். இதற்காக அந்த நிறுவனமே ‘விசிடி மேனேஜர்’ என்ற சிறிய புரோகிராமை வெளியிட்டது. அதுவும் சிடியை மறைக்குமே தவிர, அழிக்காது. கண்ணில் படாமல் இருந்தால் போதாதா?

எல்லாவற்றையும்விட ஆபத்தானது பாஸ்வேர்டு விஷயம். மை பாஸ்போர்ட் டிஸ்க்குகளில் பூட்டு போடுவது மென்பொருள் இல்லை, டிஸ்க்கின் உள்ளே இருக்கும் சர்க்யூட். நீங்கள் போட்ட பாஸ்வேர்டை நீக்காமல் மென்பொருளை மட்டும் நீக்கினால் டிஸ்க் பூட்டியபடியே இருக்கும். பாஸ்வேர்டும் மறந்துவிட்டால், உள்ளே இருப்பதை முழுதாக அழித்துத்தான் டிஸ்க்கை மறுபடி பயன்படுத்த முடியும். முதலில் பாஸ்வேர்டை நீக்குங்கள், அப்புறம் மென்பொருள்.

1 டிபி டிஸ்க்கில் 931 ஜிபிதான் காட்டுகிறது, மிச்சத்தை மென்பொருள் தின்றுவிட்டது என்று நினைத்து சிலர் பார்ட்டிஷனையே, அதாவது டிஸ்க்கின் பகுதிப் பிரிப்பையே, கலைக்கிறார்கள். எதுவும் தொலையவில்லை. தயாரிப்பாளர் 1 டிபியை 1,00,000 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் ஒரு ஜிபியை 1,024-இன் மடங்குகளில் எண்ணுகிறது. அதேபோல ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ ஃபோல்டரும் கம்பெனி வைத்தது இல்லை, விண்டோஸே உருவாக்குவது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

சரி, ஃபார்மட் செய்தே ஆக வேண்டும் என்றால் மற்ற பென்டிரைவ், டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். கட்டளை தட்டி டிஸ்க்குகளைக் கையாளும் விண்டோஸ் கருவியான டிஸ்க்பார்ட்டில் ‘கிளீன்’ என்று தட்டினால் ‘நிச்சயமா?’ என்று ஒரு வார்த்தை கேட்காது. டிஸ்க் எண்ணை மாற்றிப் போட்டால் கல்யாண வீடியோ இருந்த டிஸ்க் காலி. ஃபார்மட் செய்யும்போது ஃபைல் சிஸ்டத்தையும், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறையையும், தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவதென்றால் என்டிஎஃப்எஸ் போதும். மேக்கிலும் எழுத வேண்டுமானால் எக்ஸ்ஃபேட். மேக்கால் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்க முடியும், எழுத முடியாது. ஃபேட்32 எடுத்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு படம்கூட ஏறாது. டிவியில் செருகுவதாக இருந்தால் அந்த டிவி எதைப் படிக்கும் என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ‘குவிக் ஃபார்மட்’ டிக்கை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் 1 டிபிக்கு இரண்டு, மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டிவரும்.