நீண்ட பயணத்துக்கு முன் பழைய டூரிங் பைக்கில் பார்க்க வேண்டியவை

பதினைந்து, இருபது வருடம் ஆன டூரிங் பைக்கில் என்ஜின் பெரும்பாலும் கைவிடாது. நடுவழியில் நிறுத்துவது காய்ந்துபோன ரப்பரும், ஈரம் இறங்கிய பிரேக் ஆயிலும், பச்சை பூத்த ஒயர் கனெக்டரும்தான். வண்டி கிலோமீட்டர் குறைவாக ஓடியிருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பாகமும் கடைசியாக எந்த வருடம் மாற்றப்பட்டது என்று பாருங்கள். கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள். பழைய மாடலுக்கு உதிரி பாகம் வந்துசேர நாளாகும்.

முதலில் சார்ஜிங். முழு சார்ஜ் ஏற்றிய பேட்டரி, சில மணி நேரம் சும்மா இருந்த பிறகும் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. என்ஜினை 4,000 முதல் 5,000 ஆர்.பி.எம்.மில் வைத்து பேட்டரி முனையில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். குறைவாக இருந்தால், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு உடனே செலவு செய்ய வேண்டாம். என்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் காயிலான ஸ்டேட்டரிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் மூன்று ஒயர்கள், பல வண்டிகளில் மூன்றும் மஞ்சள், ஒரு கனெக்டரில் சேரும். அதைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின்னைச் சுற்றி மட்டும் உருகியிருந்தால் கோளாறு அங்கேதான். பின் தளர்ந்தால் சூடு ஏறும், சூட்டில் பின் கருக்கும், கருத்த பின் இன்னும் சூடாகும். சுத்தம் செய்து திரும்ப மாட்டினால் நிலைக்காது. கருகிய பகுதியை வெட்டிவிட்டு, புது டெர்மினல் வைத்து அழுத்திப் பிடித்து, ஈரம் புகாத கனெக்டர் போடுங்கள். பிறகும் வோல்ட் ஏறவில்லையா? கனெக்டரைக் கழற்றிய நிலையில் என்ஜினை ஓட்டி, மூன்று ஒயர்களையும் இரண்டிரண்டாக ஏ.சி. வோல்ட்டில் அளங்கள். மூன்று ஜோடியும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். என்ஜினை அணைத்த பிறகு எந்த ஒயருக்கும் பாடியோடு தொடர்பு இருக்கக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் ஸ்டேட்டர் போய்விட்டது.

அடுத்தது பிரேக் ஆயில். புது டாட் 4 தர பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியது 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். முழு லக்கேஜோடு மலையிறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்கும்போது சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் காலிபருக்குள் ஆவி உண்டாகி, லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். இதை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே இரண்டு வருடம் ஆகியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். பழைய ஆயிலை பிரேக் ஆயில் டேங்கிலிருந்து உறிஞ்சி எடுத்து, புதியதை ஊற்றி, காலிபரில் ஆயிலை வெளியேற்றும் ப்ளீடர் திருகில் தெளிவாக வரும் வரை வெளியேற்றுங்கள். நடுவில் டேங்க் காலியானால் காற்று புகுந்து, மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். ஹைட்ராலிக் கிளட்சுக்கும் இதே வேலை உண்டு. ஏ.பி.எஸ். அல்லது முன்பின் இணைந்த பிரேக் என்றால் மேனுவல் சொல்லும் வரிசையில்தான் செய்ய வேண்டும். பிரேக்கைப் பிடித்து விட்டதும் சக்கரம் தாராளமாகச் சுழல்கிறதா பாருங்கள். இறுகி நின்றால் காலிபர் பிஸ்டன் சிக்கியிருக்கலாம், அல்லது ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி ஆயிலைத் திரும்பவிடாமல் தடுக்கலாம்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஆறு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் நீண்ட பயணத்துக்கு வேண்டாம்.

செயினின் தளர்வைச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, மிக இறுக்கமான இடத்தை வைத்துச் சரிசெய்யுங்கள். மேனுவல் அளவு பல வண்டிகளுக்கு 25 முதல் 35 மி.மீ.க்குள் இருக்கும். இடத்துக்கு இடம் அளவு மிகவும் மாறினால் செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். செயினுக்குப் பதில் ஷாஃப்ட் உள்ள வண்டிக்கு, பின்சக்கரத்தருகே உள்ள ஃபைனல் டிரைவ் கியர் பெட்டியின் ஆயிலை மாற்றி, பின்சக்கரத்தைக் கழற்றும்போது அதோடு இணையும் பல் வரிசையான ஸ்ப்லைனுக்கு கிரீஸ் வையுங்கள்.

முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நேராக வரும்போது குழியில் விழுவதுபோல் நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) தேய்ந்திருக்கிறது. இறுக்கினால் தீராது, மாற்றத்தான் வேண்டும்.

என்ஜின் ஆயில், பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரமான ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 தரத்தில் இருக்கட்டும். எரிபொருள் சிக்கனத்துக்கான கார் ஆயிலில் கிளட்ச் வழுக்கலாம். டேப்பெட் கிளியரன்ஸை, அதாவது வால்வு இடைவெளியை, என்ஜின் ஆறிய பிறகு அளந்துவிடுங்கள். சத்தம் போடும் வால்வை விட சத்தமில்லாமல் இறுகிப்போன வால்வுதான் ஆபத்து, அது சரியாக மூடாமல் கருகிவிடும். கூலன்ட் சிலிகேட் இல்லாததாக, டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. பெட்ரோல் ஹோஸை வளைத்துப் பார்த்து, வெடிப்பு தெரிந்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். கிளட்ச் கேபிளில் லீவர் பக்கத்து முனையில் ஒரே ஒரு இழை பிரிந்திருந்தாலும் புதியது போட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும், பயணத்தில் ஏற்றப்போகும் அதே எடையோடு 200 முதல் 300 கி.மீ. ஓட்டுங்கள். வந்ததும் ஆயில் அளவு, கசிவு, செயின் தளர்வு, கழற்றி மாட்டிய ஒவ்வொரு போல்ட், அந்த மஞ்சள் ஒயர் கனெக்டர் தொட்டால் சுடுகிறதா என்பது வரை மறுபடி பாருங்கள்.