மீன் தண்ணீரில் முள்ளங்கி: பெங்களூரு மொட்டைமாடிக்கு ஒரு செய்முறை

மீன் வளரும் தண்ணீரைச் சுற்றவிட்டு அதிலேயே செடி வளர்ப்பது அக்வாபோனிக்ஸ். அதில் கீரை யாருக்கும் வரும். முள்ளங்கி அப்படி இல்லை. இலை முழங்கை உயரத்துக்குத் தளதளவென்று நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் அடியில் எலிவால் மாதிரி ஒரு வேர். மீன் கழிவிலிருந்து செடிக்குக் கிடைப்பதில் பெரும்பங்கு தழைச்சத்து, அது இலைக்குப் போகிறது. கிழங்கு பருக்க வேண்டிய சாம்பல்சத்து (பொட்டாசியம்) மீன் தீவனத்தில் குறைவு. போதாக்குறைக்கு, ஜல்லியில் நேராக விதைத்தால் கிழங்கு கல்லில் முட்டிக் கோணிக்கொள்ளும். அதனால் ஜல்லிப் படுக்கையை வடிகட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, முள்ளங்கியை அதற்குள் புதைத்த மணல் தொட்டிகளில் வளர்ப்போம்.

இடமும் எடையும்

200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ. ஈர ஜல்லியையும் சேர்த்தால் 350 கிலோ தாண்டும். பால்கனி வேண்டாம். தரைத்தளம், அல்லது மொட்டைமாடியில் பீம் ஓடும் சுவரோரம். வாடகை வீடென்றால் ஓனரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். செடிக்கு 6 மணி நேர நேர்வெயில் வேண்டும், மீன்தொட்டிக்கு நிழல் வேண்டும். தொட்டி மேல் வெயில் பட்டால் பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகும்.

வாங்க வேண்டியவை

250 லிட்டர் அகலவாய் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, மீனுக்கு. நெடுக்குவாக்கில் பாதியாக அறுத்த 200 லிட்டர் நீல டிரம், படுக்கைக்கு. டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள்; ஊறுகாய், பழக்கூழ் என்றால் சரி, ரசாயனம் என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். மணிக்கு 1000 லிட்டர் இறைக்கும் நீர்மூழ்கி பம்ப், 15 நிமிட இடைவெளி வைக்கக்கூடிய டைமர் (பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் இரண்டும் கிடைக்கும்), ஏர் பம்ப், ஒரு இஞ்சு பி.வி.சி. குழாய், 20 எம்.எம். ஜல்லி, 20 செ.மீ. அகலமும் 20 செ.மீ. உயரமும் உள்ள பிளாஸ்டிக் பூந்தொட்டி 6, நிழல்வலை கொஞ்சம்.

ஜல்லியில் ஒரு பிடி எடுத்து வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், தண்ணீரின் பி.எச். (அமில-கார அளவு) கீழே இறங்கவே விடாது. கருங்கல் ஜல்லி நுரைக்காது. தூசி போகும்வரை நாலைந்து முறை கழுவுங்கள்.

பொருத்துதல்

டிரம் பாதியின் அடியில் நடுவாகத் துளையிட்டு, உள்ளே 15 செ.மீ. உயரத்துக்கு நிற்கும்படி குழாயைப் பொருத்துங்கள். குழாயின் அடியில், படுக்கையின் தரையை ஒட்டி, 6 எம்.எம். துளை ஒன்று போடுங்கள். மீன்தொட்டிக்குள் இருக்கும் பம்ப் ஓடும்போது படுக்கையில் தண்ணீர் 15 செ.மீ. ஏறி, மிச்சம் குழாய் வழியே மீன்தொட்டிக்குத் திரும்பும். பம்ப் நின்றதும் சின்னத் துளை வழியே சுமார் 20 நிமிடத்தில் வடியும். டைமரை 15 நிமிடம் ஓடி 45 நிமிடம் நிற்கும்படி வையுங்கள். டைமர் இல்லாமல் தண்ணீரைத் தானாக வடித்துவிடும் பெல் சைஃபன் அழகான சங்கதிதான். ஆனால் முதல் முறை செய்பவரை ஒரு வாரம் அழவைக்கும். டைமர் போதும்.

நிற்கும் குழாயைச் சுற்றித் துளையிட்ட பெரிய குழாய் ஒன்றை மாட்டுங்கள், கல் உள்ளே போகாது.

பூந்தொட்டிகளின் அடியிலும் பக்கவாட்டில் கீழ் 6 செ.மீ. வரையிலும் துளையிட்டு உள்ளே நிழல்வலை போடுங்கள். கழுவிய கரடு மணல் 3 பங்கு, தேங்காய்நார்க் கழிவு 2 பங்கு கலந்து நிரப்புங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்துவிடுங்கள். தொட்டிகளின் அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் நனையும்படி ஜல்லியில் புதையுங்கள். மேல்மண் வரை தண்ணீர் வந்தால் கிழங்கின் மேல்பகுதி அழுகும்.

தண்ணீர், பாக்டீரியா, மீன்

குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஏர் பம்ப் போட்டு 48 மணி நேரம் வையுங்கள், அல்லது மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டுகள் ஊற்றுங்கள். போர்வெல், டேங்கர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். மழைநீர் கலந்தால் சமாளிக்கலாம்.

மீன் விடாமலேயே தினமும் 2 கிராம் தீவனம் போட்டு அழுகவிடுங்கள். அதிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். செடி விரும்பி எடுப்பது நைட்ரேட்டை. இதற்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும். மார்கழிக் குளிரில் இன்னும் இழுக்கும். நோயில்லாத மீன்தொட்டி ஒன்றின் வடிகட்டியில் இருந்த, பாக்டீரியா குடியிருக்கும் பழைய ஸ்பாஞ்ச் கிடைத்தால் ஜல்லிக்குள் செருகுங்கள், நாள் குறையும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து நைட்ரேட் 20 பி.பி.எம். (லிட்டருக்கு 20 மி.கி.) தாண்டினால் மீன் விடலாம். அவசரப்பட்டால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அப்போது தீவனத்தை நிறுத்திப் பாதித் தண்ணீரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பெங்களூரு குளிருக்குத் தங்கமீன் தோது. 10 செ.மீ. அளவில் 15 மீன். முதலில் 5, பத்து நாள் கழித்து மிச்சம். மீன்களின் மொத்த எடையில் 2 சதவீதம் தீவனம், அதாவது நாளைக்கு ஏறக்குறைய 8 கிராம், இரண்டு வேளையாக. இந்தத் தீவனத்துக்கு 6 பூந்தொட்டிதான் தாங்கும். இடம் இருக்கிறதே என்று பத்து வைக்காதீர்கள். திலேப்பியா மீன் வளர்க்க அரசு அனுமதி வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு நாட்டில் தடையே இருக்கிறது.

விதைப்பு

ஐப்பசி முதல் தை வரை விதைக்கலாம். பங்குனி, சித்திரை வெயிலில் கிழங்கு பருக்காமல் பூ விட்டுவிடும். முதல் முறைக்கு 25-30 நாளில் வரும் சிவப்பு உருண்டை ரகம் எடுங்கள். சாம்பாருக்கு வெள்ளை நீள முள்ளங்கிதான் வேண்டுமென்றால், இரண்டு பூந்தொட்டிக்குப் பதில் 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றை நன்றாகக் கழுவி வையுங்கள். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா நிஷாந்த் 50-55 நாளில் தயாராகும். இங்கே கடையில் ‘மூலங்கி’ என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள்.

நாற்று விட்டு நடாதீர்கள், வேர் மடங்கினால் கிழங்கு இரண்டாகப் பிளக்கும். விதையை ஒரு செ.மீ. ஆழத்தில் நேராகப் போடுங்கள். அடித் தண்ணீர் மேலே ஏறி வர நாளாகும். முதல் ஒரு வாரம் காலையில் நல்ல தண்ணீர் தெளியுங்கள். மீன் தண்ணீரை இலை மேல் ஊற்ற வேண்டாம். மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும். எட்டாம் நாள் 5 செ.மீ.க்கு ஒன்றாக விட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும். மனசு வராமல் எல்லாவற்றையும் விட்டுவைத்தால் கடைசியில் கீரைதான் மிஞ்சும். நீள ரகத்துக்கு 10 செ.மீ. இடைவெளி.

இரண்டு வாரம் வாக்கில் இலைக்குக் கீழே, மண்ணை ஒட்டி, தண்டின் மேல்தோல் நீளவாக்கில் வெடித்து இரண்டு காதுபோலத் தொங்கும். நோய் என்று பயப்படாதீர்கள், கிழங்கு உள்ளே பருக்கத் தொடங்கிவிட்டது.

எங்கே கோளாறு

இலை பெருத்துக் கிழங்கு இல்லையா? முதலில் இடைவெளியையும் வெயிலையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் சாம்பல்சத்துக் குறை. வாரம் ஒருமுறை பி.எச். பாருங்கள், 6.8 முதல் 7.2 வரை நல்லது. நாள்பட அது தானாக இறங்கும். 6.5-க்குக் கீழே போனால் பொட்டாசியம் பைகார்பனேட் 5 கிராம் கரைத்து மெல்ல ஊற்றுங்கள். மறுநாள் அளந்து பார்த்த பிறகே அடுத்த தடவை. சாம்பல்சத்தும் சேர்ந்தே கிடைக்கும்.

குருத்திலை மட்டும் வெளுத்து நரம்பு பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. 6 சதவீத இரும்பு உள்ள இ.டி.டி.எச்.ஏ. என்ற இரும்பு உரத்தூள் 6 கிராம் 200 லிட்டருக்குப் போதும். தண்ணீர் செந்நிறமாகும், மீனுக்கு ஒன்றும் ஆகாது.

கிழங்கு வெடிக்கிறதென்றால் ஈரம் ஒருநாள் கூடி ஒருநாள் குறைகிறது: டைமர் நின்றிருக்கும், அல்லது வடிதுளை அடைத்திருக்கும். அசுவினிப் பூச்சி வந்தால் நல்ல தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் எதுவும் கூடாது. சொட்டியது மீனுக்குத்தான் போகும். மீனுக்கு நோய் வந்தாலும் மருந்து தனி வாளியில்தான். புறாவுக்கு வலை கட்டுங்கள். எச்சம் படுக்கையில் விழக் கூடாது. கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப் கைகொடுக்கும்.

உருண்டை ரகம் மண்ணுக்கு மேல் இரண்டரை செ.மீ. அகலம் காட்டியதும் பிடுங்கிவிடுங்கள். ஒரு வாரம் தாமதித்தால் உள்ளே பஞ்சாகிவிடும். பிடுங்கிய குழியில் விட்டுப்போன வேரைக் கிளறி எடுத்துவிட்டு, அன்றைக்கே அடுத்த விதையைப் போடுங்கள்.