வர்ணனையாளர் சொல்வது ஒன்று, அம்பயர் கொடுத்தது வேறு: பேஸ்பால் விதிச் சொற்களைச் சரிபார்ப்பது எப்படி

மேஜர் லீக் (அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் லீக்) ஆட்டத்தில் ஏதோ குழப்பம் நடக்கிறது. வர்ணனையாளர் ஒரு விதியின் பெயரைச் சொல்கிறார். அம்பயரின் முடிவு அதற்கு நேர்மாறாக வருகிறது. உடனே வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அம்பயரைத் திட்டுகிறார்கள். பல நேரம் முடிவு சரியாகத்தான் இருக்கும். மைக்கில் சொன்ன பெயர்தான் தப்பு. பேஸ்பால் விதிப் புத்தகத்தில் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி விளைவு உண்டு. பெயர் மாறினால் ரன்னும் மாறும், அவுட்டும் மாறும்.

குழப்பமான ஆட்டம் வந்தால் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். பந்து இன்னும் ஆட்டத்தில் இருக்கிறதா, டெட் பால் (ஆட்டம் நிறுத்தப்பட்ட பந்து) ஆகிவிட்டதா? அந்த ரன்னர் (பேஸ்களைச் சுற்றி ஓடும் பேட்டிங் அணிக்காரர்) அடுத்த பேஸுக்குப் போயே தீரவேண்டிய கட்டாயத்தில் இருந்தாரா? ஒருவர் இன்னொருவரை மறித்தார் என்றால், மறித்தவர் எந்த அணி? முதல் கேள்விக்கு அம்பயரின் கையைப் பார்த்தாலே போதும். இரண்டு கையையும் தூக்கினால் பந்து டெட். விரலால் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டி ஏதோ கத்திவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால், பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது, தீர்ப்பு பிறகு வரும்.

இரண்டாவது கேள்விதான் அதிகம் சறுக்குகிற இடம். பேட்டர் அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடுவதால், அங்கே நின்றவர் இடத்தைக் காலி செய்தாக வேண்டும். அதுதான் ஃபோர்ஸ். அடித்த பந்தைத் தரையில் படாமல் பிடித்துவிட்டால் பேட்டர் அவுட், பின்னாலிருந்து தள்ள ஆள் இல்லை, ஃபோர்ஸும் இல்லை. ஆனால் பிடிக்கும் முன்பே கிளம்பிய ரன்னர் தன் பழைய பேஸைத் திரும்பத் தொட வேண்டும். அதற்குள் பந்து அந்த பேஸுக்கு வந்துவிட்டால், ஆளைத் தொடாமலே அவர் அவுட். பேஸை மிதித்தாலே அவுட் கிடைப்பதால் இது ஃபோர்ஸ் போலத் தெரிகிறது, வர்ணனையாளரும் அப்படியே சொல்லிவிடுகிறார். விதிப்படி இது அப்பீல், அதாவது ரன்னரின் தவறைக் காட்டி ஃபீல்டிங் அணி அவுட் கேட்பது.

இதனால் என்ன கெட்டுப்போகிறது என்று பார்க்க ஒரு சூழல். ஒரு அவுட், முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆட்கள். ரைட் ஃபீல்டில் உயரப் போன பந்தைப் பிடிக்கிறார்கள், இரண்டு அவுட். மூன்றாம் பேஸில் நின்றவர் பிடித்த பிறகு முறையாகக் கிளம்பி ஹோமைத் (கடைசி பேஸ், அதைத் தொட்டால் ரன்) தொடுகிறார். முதல் பேஸ்காரர் அவசரப்பட்டு பாதி தூரம் போய்விட்டார். பந்து முதல் பேஸுக்கு வருகிறது, மூன்றாவது அவுட், அணியின் முறை முடிந்தது. ஹோமைத் தொட்டது முதலில், அவுட் அடுத்த நொடியில். “ஃபோர்ஸ் அவுட், ரன் கிடையாது” என்கிறார் வர்ணனையாளர். ஸ்கோர்போர்டில் ரன் ஏறுகிறது. சரிதான். விதி 5.08-இன்படி மூன்றாவது அவுட் ஃபோர்ஸாக இருந்தாலோ, பேட்டர் முதல் பேஸைத் தொடும் முன் அவுட்டானாலோ, முன்னால் ஓடியவர் ஒரு பேஸைத் தொடாமல் விட்டு அவுட்டானாலோதான் ரன் அழியும். இது மூன்றிலும் சேராது. எது முந்தியது என்று மட்டுமே பார்க்க வேண்டும். அதற்காகவே ஹோம் அம்பயர் பிளேட்டும் அந்த பேஸும் ஒரே பார்வையில் விழும்படி நகர்ந்து நிற்பார். ரிப்ளேயில் அவர் நிற்கும் இடத்தைக் கவனித்தாலே எதற்குக் காத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

இதில் அணிகளே ஏமாந்ததும் உண்டு. 2009 ஏப்ரல் 12, டாட்ஜர்ஸ் – டயமண்ட்பேக்ஸ். ஒரு அவுட், இரண்டாம், மூன்றாம் பேஸில் ஆட்கள். ராண்டி உல்ஃப் அடித்த பந்தை பிட்சர் (பந்தெறிபவர்) டான் ஹேரன் நேராகப் பிடித்தார். பந்து இரண்டாம் பேஸ் பக்கம் போய், ஓடிக்கொண்டிருந்த ஹுவான் பியரைத் தொட்டு மூன்றாவது அவுட். ஆனால் அதற்குள் ஆண்ட்ரே ஈதியர் மூன்றாம் பேஸிலிருந்து வந்து ஹோமைத் தொட்டிருந்தார். பிடிக்கும் முன்பே கிளம்பியிருந்த அவர் திரும்பிப் போய் பேஸைத் தொடவில்லை. அப்பீல் செய்திருந்தால், மூன்று அவுட் ஆன பின்னும், ‘நான்காவது அவுட்’டாக அதை எடுத்துக்கொண்டு ரன்னை அழித்திருக்கலாம். ஃபீல்டிங் அணி மைதானத்தைவிட்டு வெளியேறிவிட்டது. ரன் நின்றது.

மூன்றாவது கேள்வி: மறித்தது யார்? பேட்டிங் அணி ஃபீல்டரை மறித்தால் இன்டர்ஃபியரன்ஸ். பந்து டெட், பெரும்பாலும் ஒருவர் அவுட். பந்து கையில் இல்லாத ஃபீல்டர், பந்தைப் பிடிக்கும் செயலிலும் இல்லாதபோது, ரன்னரை மறித்தால் அப்ஸ்ட்ரக்‌ஷன். ரன்னருக்குப் பேஸ் கிடைக்கும். கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் ஃபீல்டர்) பேட்டரை மறிப்பதற்கான கேட்சர் இன்டர்ஃபியரன்ஸ் என்ற பெயர் மட்டும் இந்தப் பிரிவினைக்கு அடங்காமல் நிற்கிறது, அதை விதிவிலக்காக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2013 அக்டோபர் 26, உலகத் தொடரின் (மேஜர் லீக் இறுதித் தொடர்) மூன்றாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-4. வந்த எறியைப் பிடிக்கப் பாய்ந்த ரெட் சாக்ஸின் மூன்றாம் பேஸ் ஃபீல்டர் வில் மிடில்புரூக்ஸ் தவறவிட்டுத் தரையில் கிடந்தார். அவர் மேல் தடுக்கி விழுந்தார் கார்டினல்ஸ் ரன்னர் ஆலன் கிரெய்க். மூன்றாம் பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் உடனே சுட்டிக்காட்டினார். ஹோமில் கிரெய்க்கைப் பந்தோடு தொட்டும் அவர் சேஃப். கார்டினல்ஸ் 5-4 வெற்றி. “மிடில்புரூக்ஸ் வேண்டுமென்றா காலைத் தூக்கினார்?” என்ற வாதத்துக்கு இங்கே வேலையே இல்லை, அப்ஸ்ட்ரக்‌ஷனுக்கு உள்நோக்கம் தேவையில்லை. பந்தைத் தவறவிட்ட அந்தக் கணமே அவர் பிடிக்கும் செயலில் இல்லாதவர் ஆகிவிட்டார். உள்நோக்கம் பார்ப்பது வேறோர் இடத்தில்: எறிந்த பந்தை ரன்னர் மறித்தால் வேண்டுமென்றே செய்தாரா என்று கேட்க வேண்டும். அடித்த பந்தை எடுக்க வரும் ஃபீல்டரை மறித்தால் கேட்கவே வேண்டாம், அவுட்.

ஓர் இன்ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டர்) எளிதாகப் பிடிக்கக்கூடிய உயரப் பந்துக்கு, பிடிக்கும் முன்பே பேட்டரை அவுட் என்று அறிவிப்பது இன்ஃபீல்ட் ஃப்ளை. இதில் இரண்டு தவறுகள் வழக்கம். முதலாவது, பந்து டெட் என்பது. இல்லை, பேட்டர் மட்டும் அவுட். ரன்னர்கள் துணிந்தால் ஓடலாம். இரண்டாவது, பந்து அவுட்ஃபீல்ட் (வெளிப்பகுதி) புல்வெளிக்குப் போய்விட்டால் இந்த விதி பொருந்தாது என்பது. பந்து விழும் இடம் கணக்கில்லை. ஓர் இன்ஃபீல்டர் சாதாரண முயற்சியில் பிடிக்க முடியுமா என்பதே கேள்வி. 2012 அக்டோபர் 5, அட்லாண்டாவில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் இன்ஃபீல்டர்) பீட் கோஸ்மா வெகுதூரம் பின்னால் போய்த் துரத்திய பந்துக்கு அம்பயர் சாம் ஹோல்புரூக் இதைக் கொடுத்தபோது ரசிகர்கள் பாட்டில்களை எறிந்தார்கள். அது சாதாரண முயற்சிதானா என்று வாதிடலாம். “அது அவுட்ஃபீல்ட்” என்பது வாதமே ஆகாது. சரிபார்க்க: இரண்டு அவுட்டுக்குக் குறைவா, முதல் இரண்டு பேஸிலும் ஆள் உண்டா, பந்து உயரப் போனதா? நேராகப் பறந்த அடியும் பண்ட் (பேட்டை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது) முயற்சியும் சேராது.

“டை ஆனால் ரன்னருக்கே” என்ற வாசகம் புத்தகத்தில் எங்கும் கிடையாது. முதல் பேஸ் விதியில், பேட்டர் தொடும் ‘முன்’ பந்து வந்தால் அவுட் என்றிருக்கிறது. இன்னொரு விதியில், அவுட்டாகும் ‘முன்’ தொட்டால்தான் பேஸ் ரன்னருக்கு என்றிருக்கிறது. இரண்டையும் எழுத்துக்கு எழுத்து பிடித்தால் ஒன்றுக்கொன்று முட்டும். களத்தில் அம்பயர் டை கொடுப்பதில்லை. கண்ணை பேஸில் வைத்து, பந்து கிளவ்வில் விழும் சத்தத்தைக் காதால் பிடித்து, எது முந்தியது என்று முடிவெடுக்கிறார்.

பேட்டில் உரசிப் பின்னால் வலைக்குப் போன பந்தை “ஃபவுல் டிப்” என்பார்கள். அது வெறும் ஃபவுல் (எல்லைக்கோட்டுக்கு வெளியே போன அடி). உரசிய பந்து நேராகக் கேட்சரிடம் போய்ப் பிடிபட்டால்தான் ஃபவுல் டிப்; அப்போது அது ஸ்ட்ரைக், இரண்டு ஸ்ட்ரைக் இருந்தால் பேட்டர் அவுட், பந்து ஆட்டத்தில் இருப்பதால் ரன்னர் பேஸ் திருடவும் (அடி இல்லாமலே அடுத்த பேஸுக்கு ஓடவும்) செய்யலாம். அம்பயர் ஒரு கையால் மறுகையைத் தேய்த்துவிட்டு ஸ்ட்ரைக் காட்டுவது இதற்குத்தான். “டிராப்டு தேர்ட் ஸ்ட்ரைக்” என்பதும் அப்படித்தான். பந்து கேட்சர் கையிலிருந்து நழுவியிருக்க வேண்டியதில்லை, தரையில் பட்டு வந்தாலும் அது பிடிபடாத ஸ்ட்ரைக். முதல் பேஸ் காலியாக இருந்தாலோ, இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ பேட்டர் ஓடலாம்.

இன்னும் சில, சுருக்கமாக. தரையில் பட்டு வேலியைத் தாண்டிய பந்துக்கு இரண்டு பேஸ் தருவது எல்லா மைதானத்துக்கும் பொதுவான விதி 5.05, அதைக் “கிரவுண்ட் ரூல்” என்பது தவறு; சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட் சுவரில் படர்ந்த செடிக்கொடியில் பந்து சிக்குவதுபோல அந்தந்த மைதானத்துக்கென எழுதியதே கிரவுண்ட் ரூல். எறி ஸ்டாண்டுக்குள் போனால் “போகிற பேஸும் கூட ஒன்றும்” என்ற கணக்கு கிடையாது, இரண்டு பேஸ். பிட்சர் ரப்பரில் (அவர் பந்தெறிய நிற்கும் பட்டை) நின்று எறிந்திருந்தால் ஒன்று. கையில் பட்ட பந்தை பேட்டில் பட்டதாகக் கொள்ளக்கூடாது, கை பேட்டின் பகுதி அல்ல. பேஸ்லைனைவிட்டு விலகியதாகச் சொல்லும்போது, தொட முயற்சி நடந்ததா என்று முதலில் பாருங்கள். முயற்சி நடந்த கணத்தில் ரன்னர் நிற்கும் இடத்திலிருந்து பேஸுக்கு ஒரு நேர்கோடு, இருபுறமும் 3 அடி, அவ்வளவே.

புத்தகத்தைத் திறந்து பார்ப்பவர்கள் கடைசியிலுள்ள சொல் வரையறைகளிலிருந்து தொடங்குங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீரும். பழைய கட்டுரைகளில் வரும் விதி எண்களை மட்டும் அப்படியே தேடாதீர்கள். 2015-இல் வரிசை முழுவதும் மாறியது. அப்ஸ்ட்ரக்‌ஷன் அதற்கு முன் 7.06, இப்போது 6.01-க்குள் இருக்கிறது.