வரி விழுந்த பூசணி: இலையுதிர் காலத்துக்கு ஒரு குரோஷா வேலை

அமெரிக்காவில் இலைகள் நிறம் மாறத் தொடங்கியதும் வாசற்படிகளில் பூசணிக்காய்கள் வந்து அமர்ந்துவிடுகின்றன. அக்டோபர் 31ஆம் நாள் ஹாலோவீனுக்காகச் சிலவற்றுக்குக் கண்ணும் வாயும் வெட்டி உள்ளே விளக்கு வைப்பார்கள். வெட்டாதவை நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை வரும் நன்றி நவிலல் நாள் வரை அலங்காரமாக இருக்கும். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்த வழக்கம் அங்கிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்காவுக்குப் போனபோது, பெரிதாகவும் குடைவதற்கு எளிதாகவும் இருந்த பூசணி கிழங்கின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நாம் பரங்கிக்காய் என்று சொல்லும் காய்தான் இது. கடல் கடந்து வந்தது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷா வேலை பழகியவர்கள் பெரும்பாலும் பொம்மை செய்வது போல வட்டமாகச் சுற்றிப் பின்னி, ஆரஞ்சு நிறத்தில் ஓர் உருண்டை செய்து காம்பு வைத்துவிடுவார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். வீட்டுக்கு வந்த குழந்தை அதைக் கையில் எடுத்து ஆரஞ்சுப் பழம் என்றது. குழந்தை சொன்னது சரிதான். பூசணியைப் பூசணியாகக் காட்டுபவை காம்பிலிருந்து அடிவரை ஓடும் வரிகள். வட்டமாகப் பின்னும்போது வரிசைகள் இடுப்பைச் சுற்றி ஓடுவதால் அந்த வரிகள் விழ வழியில்லை. நீளத் துண்டாகப் பின்னிக் குழாயாக இணைத்து இரு வாயையும் சுருக்கினால், ஒவ்வொரு வரிசையும் தானாகவே மேலிருந்து கீழாக நின்றுவிடும்.

நூல் உருண்டையின் சீட்டில் 4 என்ற எண் இட்ட நடுத்தரத் தடிமனுள்ள நூல் 50 கிராம் போதும். இந்த நூலுக்கு வழக்கமாக 5 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கொக்கி ஊசியைச் சொல்வார்கள் என்றாலும், நாம் 4 மி.மீ. ஊசியை எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னல் தளர்ந்தால் உள்ளே அடைக்கும் வெள்ளைப் பஞ்சு இடுக்குகளில் எட்டிப் பார்க்கும். ஆரஞ்சோடு கடுகு மஞ்சள், துருச் சிவப்பு, பாலாடை வெள்ளை ஆகியவையும் நிஜப் பூசணிகளின் நிறங்களே. ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்: நான் இங்கே குட்டையான அடிப்படைத் தையலுக்குச் சொல்லும் சிங்கிள் குரோஷா என்பது அமெரிக்கப் பெயர், அதே தையலைப் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷா என்பார்கள்.

முதலில் ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்த 25 கண்ணிகளை, அதாவது 25 சங்கிலிகளைப் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 24 சிங்கிள் குரோஷா பின்னுங்கள். அடுத்த வரிசை முதல், ஒரு சங்கிலி போட்டுத் துண்டைத் திருப்பி, ஒவ்வொரு தையலின் தலையிலும் தெரியும் இரண்டு இழைகளில் பின் இழையில் மட்டும் ஊசியை நுழைத்துப் பின்ன வேண்டும். விடப்பட்ட முன் இழை மேடாக எழும்பி நிற்கும். இரண்டு வரிசைக்கு ஒரு வரி கிடைக்கும். வரிசையின் கடைசித் தையலை மட்டும் இரண்டு இழைகளிலும் பின்னினால் ஓரம் உறுதியாக இருக்கும், சுருக்கும்போது விரியாது. அந்தக் கடைசித் தையல்தான் கண்ணுக்குத் தப்பிப் போவதும். அதனால் முதல் 10 வரிசைகளிலாவது 24 என்று எண்ணிப் பாருங்கள், இல்லாவிட்டால் துண்டு ஒரு பக்கம் சரிந்துகொண்டே போகும்.

எத்தனை வரிசை என்பதை எண்ணிக்கையைவிட அளவுகோல் சரியாகச் சொல்லும். துண்டின் உயரம் சுமார் 15 செ.மீ. வரும், நீளம் அதைப் போல இரு மடங்கு ஆகும்வரை பின்ன வேண்டும். பொதுவாக 50 வரிசையை ஒட்டி இது முடியும். இரட்டைப்படை எண்ணில் நிறுத்தினால் இணைப்பு வரிகளுக்கிடையே மறைந்துவிடும். சிறிய பூசணிக்கும் பெரிய பூசணிக்கும் இந்த ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கே போதும்.

நூலை 60 செ.மீ. விட்டு வெட்டி, தொடக்க ஓரத்தையும் கடைசி வரிசையையும் சேர்த்துத் தைத்துக் குழாயாக்குங்கள். பிறகு கம்பளி ஊசியால் ஒரு வாயின் விளிம்பைச் சுற்றி ஓட்டுத் தையல் போட்டுச் சுருக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் நூல் அறுந்துவிடும். கொஞ்சம் இழுத்து, மடிப்புகளை விரலால் நகர்த்திவிட்டு, மறுபடியும் இழுங்கள். பாலியஸ்டர் பஞ்சைச் சிறு சிறு பிசிறாகப் பிய்த்து அடைத்தால் கட்டி கட்டியாகத் தெரியாது. கை அழுத்தத்துக்குச் சற்று இடம் கொடுக்கும் அளவில் நிறுத்தி மறுவாயையும் சுருக்கிவிடுங்கள். முற்றும் அடைத்துவிட்டால் அடுத்த வேலை நடக்காது.

அடுத்த வேலை சுளை பிரிப்பது. இரட்டை நூல் கோத்த நீண்ட ஊசியை அடி நடுவில் குத்தி மேல் நடுவில் எடுத்து, நூலை வெளிப்புறமாகக் கீழே கொண்டுவந்து மறுபடியும் அடி நடுவில் குத்தி இழுக்க வேண்டும். முதல் பள்ளத்துக்கு நேர் எதிரே இரண்டாவதைப் போட்டு, அவற்றுக்குக் குறுக்கே இரண்டு, இடையில் நான்கு என்று எட்டாகப் பிரித்தால் காய் ஒரு பக்கம் சாயாது. ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் உருண்டை கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி அகலமாவதைப் பார்க்கலாம்; இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

காம்புக்குப் பழுப்பு நூலில் இழுத்தால் இறுகி மூடும் மேஜிக் வளையம் போட்டு 6 சிங்கிள் குரோஷா பின்னி, அதே 6 தையல்களில் ஏழு சுற்று ஏறுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று தையல்களை, சிங்கிள் குரோஷாவைவிடக் குட்டையான ஸ்லிப் தையலாகப் போட்டால் அந்தப் பக்கம் குட்டையாகிக் காம்பு இயல்பாக வளையும். கடைசிச் சுற்றில் தையல்களை 12 ஆக்கினால் அடி விரிந்து, சுருக்கிய வாயை மூடிக்கொள்ளும். பச்சை நூலில் 20 சங்கிலி போட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு சிங்கிள் குரோஷா பின்னினால், துண்டு தானாகச் சுருண்டு பற்றுக்கம்பி ஆகிவிடும்.

முகம் வேண்டுமென்றால் கருப்பு ஃபெல்ட் துணியில் கண்ணும் வாயும் வெட்டி, மூலைகளில் மட்டும் ஒவ்வொரு தையல் போட்டு நிறுத்துங்கள், பசை வேண்டாம். அக்ரிலிக் நூல் வெப்பத்தில் உருகும் என்பதால் பக்கத்தில் மெழுகுவத்தியை வைக்காமல் பேட்டரி விளக்கை வைக்க வேண்டும். நவம்பர் 1ஆம் தேதி காலையில் அந்த மூலைத் தையல்களைப் பிரித்துவிட்டால், அதே பூசணி நன்றி நவிலல் விருந்து மேசைக்குப் போகத் தயாராக இருக்கும்.