"சூப்பர்" சொல்லியே கெடுத்த காசுகள்

பழைய காசு சேர்க்கும் எங்கள் கோலாலம்பூர் குழுவுக்கு இளைஞர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஒருவர் காசைப் படமெடுத்துப் போட்டதும் மற்றவர்கள் கருத்துச் சொல்கிற விதத்தைப் பார்த்தால், ஒரு காலத்தில் நாங்கள் அடித்த கூத்தெல்லாம் அப்படியே மறுபடி நடக்கிறது. மரியாதையாகப் பேசுங்கள், சண்டை போடாதீர்கள் என்பதை எல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

தேய்த்த காசுக்கு 'சூப்பர்' போடுவது

இதை மட்டும் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

செந்தூலில் இருக்கும் ஒரு தம்பி. தோட்டத்தில் வேலை செய்த தாத்தா விட்டுப்போன மைலோ டின் அவர் கைக்கு வந்தது. உள்ளே ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட சதுரமான ஒரு சென்ட் நாணயங்கள் நிறைய, பிரிட்டனின் சின்னமான பிரிட்டானியா என்ற பெண் உருவம் நிற்கிற பெரிய வெள்ளி டாலர் ஒன்று. வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல ஒரு சதுரக் காசைத் தேய்த்துப் படம் போட்டார். பளபளவென்று இருந்தது. கட்டைவிரல் மேல் கட்டைவிரல். "மின்னுது தம்பி!" "சூப்பர் லா!" கட்டைவிரல் தூக்கியவர்களில் பல வருடங்களாகக் காசு சேர்க்கும் பெரியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆசையாகப் போட்டிருக்கிறான், எதற்கு மனசை நோகடிப்பானேன் என்ற நல்லெண்ணம்.

இவ்வளவு பாராட்டு வந்த பிறகு அவர் சும்மா இருப்பாரா? அந்த வாரமே டின்னில் இருந்த அத்தனையும் தேய்த்து முடித்துவிட்டார். செம்புக்குப் புளி, வெள்ளிக்குப் பற்பசை. ஞாயிற்றுக்கிழமை அம்கார்ப் மால் பழம்பொருள் சந்தைக்கு எடுத்துப் போனபோது, ஒரு வியாபாரி டாலரை விளக்குக்கு அடியில் ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். வெள்ளி எடைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று மாலைதான் நம் பெரியவர்களுக்கு வாய் திறந்தது: "கழுவியிருக்கக் கூடாதே தம்பி." இதை முதல் படத்துக்கே சொல்லியிருந்தால் ஒரே ஒரு சதுரக் காசோடு போயிருக்குமே!

தெரியாதவர்களுக்காக: புளியில் உள்ள அமிலம் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை. செம்பின் மேல் பல வருடங்களாகப் படிந்த பழுப்புப் படலத்தையும் கரைத்துவிடும். பிறகு கறுத்தாலும் பழைய நிறம் வராது, திட்டுத்திட்டாகத்தான் கறுக்கும். பற்பசையில் இருப்பது உராய்கிற பொடி. வெள்ளி மென்மையான உலோகம் என்பதால் மேலெல்லாம் மயிரிழைக் கீறல் விழும். அதிகம் புழங்காத நல்ல வெள்ளிக் காசை ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துத் திருப்பினால், ஒளி காசைச் சுற்றி நகரும். தேய்த்த காசில் அந்த ஓட்டம் இருக்காது, மொத்தமாக ஒரே வெளிச்சமாக அடிக்கும். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரநிர்ணய நிறுவனங்கள் 70 வரை எண் கொடுத்துத் தரம் சொல்கின்றன. தேய்த்தது தெளிவாகத் தெரிந்தால் எண் கிடைக்காது, கழுவிய காசு என்ற குறிப்புதான் வரும். விலை அங்கேயே விழுந்துவிடும்.

சரி, எப்படிச் சொல்வது? முதல் வரியிலேயே அவர் கையை நிறுத்துங்கள்: "தம்பி, மத்த காசைத் தொடாதீங்க. காரணம் சொல்றேன்." அழகா இருக்கு, ஆனா என்று ஆரம்பித்தால் அந்த 'அழகு' மட்டும்தான் அவர் காதில் விழும். அப்புறம் என்ன கெட்டது என்று ஒரு வரி. அதற்கும் மேலாக, மீதிக் காசை என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள். பழைய பிவிசி பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைத்ததால் பச்சையாகப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால், சுத்தமான அசிட்டோன் கரைப்பானில் ஊறவைத்து எடுக்கலாம். தேய்க்கக் கூடாது. சன்னலைத் திறந்து வைத்து, அடுப்புப் பக்கம் போகாமல் செய்ய வேண்டும். நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அந்தப் பச்சை சீக்கிரமே வந்துவிடுகிறது. மற்றபடி எதையும் செய்யாமல் விடுவதே நல்லது. குறையை மட்டும் சொல்லிவிட்டு நாம் தூங்கப் போய்விட்டால், அவர் யூடியூப் பார்த்து அடுத்த பரிசோதனையில் இறங்கிவிடுவார்.

ஆண்டைப் பார்க்காமல் 'போலி' என்பது

ஏழாம் எட்வர்ட் தலை போட்ட நீரிணைக் குடியேற்ற (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த அன்றைய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) டாலரில் போலி ஏராளமாக உலவுகிறது. சந்தேகப்படுவது நியாயம். ஆனால் ஒருவர் 1908ஆம் ஆண்டு டாலரைப் போட்டு, எடை 20 கிராம் சொச்சம் என்று எழுதியதும், "27 இருக்கணும், போலி" என்று ஒருவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். 1903, 1904 டாலர்தான் 26.95 கிராம். இடையில் வெள்ளி விலை ஏறி, டாலரின் மதிப்பைவிட அதில் உள்ள வெள்ளியின் விலை கூடிவிடும் நிலை வந்தது. ஆட்கள் உருக்கி விற்றுவிடுவார்கள் அல்லவா? அதனால் 1907 முதல் அளவையும் குறைத்து, எடையையும் 20.2 கிராமுக்கு இறக்கினார்கள். 1908 என்று போட்டு 27 கிராம் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

ஆண்டு, எடை, குறுக்களவு, விளிம்பின் படம். இவை வராமல் வாயைத் திறக்காதீர்கள். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே அசல் என்று சொல்வதும் இதே ரகம். செம்பு-நிக்கலில் செய்த போலியிலும் சாதாரணக் காந்தம் ஒட்டாது.

விலையைக் கேலி செய்வது

"இதுக்கா 300 ரிங்கிட் கொடுத்தீங்க?" வாங்கி முடிந்தாயிற்று. அடுத்த முறை அவர் விலையையே சொல்ல மாட்டார்.

குறை சொல்லிவிட்டு, தனியாக வந்து விலை கேட்பது

இது விமர்சனமே இல்லை, வியாபாரம்.

'தாத்தா பெட்டியில் இருந்தது' என்று வாதாடுவது

இது, காசைப் போட்டுவிட்டுக் கருத்தைக் கேட்டுக்கொள்பவர்களுக்கு. ஜப்பான் காலத்து வாழைமர நோட்டு, 10 டாலர், கட்டுக் கட்டாகப் பல வீடுகளில் இருக்கிறது. 1945இல் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்ததும் அது செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். பெட்டியில் அப்படியே தங்கியதற்குக் காரணம் அதுதான். 'தாத்தா காலத்திலிருந்து இருக்கு, அதனால அபூர்வம்' என்ற கணக்கு இங்கே தலைகீழ். முதலில் அச்சிட்டவற்றில் வரிசை எண் உண்டு, அவை குறைவு. பிறகு எம் என்று தொடங்கும் எழுத்துகள் மட்டும் போட்டு அடித்துத் தள்ளினார்கள், அவை ஏராளம். எண் இல்லை என்பதாலேயே போலி என்று சொல்பவரும் தவறுகிறார் என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் நோட்டு சாதாரணம், அல்லது பின்னாளில் அடித்த நகல் என்று யாராவது சொன்னால், தாத்தாவை வாதத்துக்கு இழுக்காதீர்கள். அவரை யாரும் பொய்யர் என்று சொல்லவில்லை. "எந்த இடத்தைப் பார்த்துச் சொல்றீங்க அண்ணே?" என்று கேளுங்கள். காகிதம், மையின் தெளிவு, எழுத்தின் வடிவம் என்று கைகாட்டிச் சொல்ல முடிந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். "எனக்குத் தெரியும் லா" என்பதுதான் பதில் என்றால், நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் கேளுங்கள். கோலாலம்பூர் சாசானா கிஜாங் கட்டடத்தில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அருங்காட்சியகம் இருக்கிறது. நம் நாட்டுப் பணத்தின் கதையையே ஒரு கூடமாக வைத்திருக்கிறார்கள். ஒருநாள் போய் நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தால், அண்ணன்மார் சொல்வதில் பாதியை நீங்களே சரிபார்க்கலாம்.