கடல் நனைத்த ஆல்பத்தைப் பிரிப்பதற்கு முன்

ஒட்டிக்கிடக்கும் போட்டோவை நகத்தால் உரிக்காதீர்கள், பிளேடு பக்கமே போகாதீர்கள். நாகப்பட்டினம் கீச்சாங்குப்பத்திலிருந்த என் பெரியம்மா 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் சேற்றிலிருந்து எடுத்துக் கழுவிக் காயவைத்து, பிறகு கட்டிக்கொடுத்த வீட்டின் பரணில் இத்தனை வருஷமாக வைத்திருந்த கல்யாண ஆல்பத்தை நான் ஆசையாக வாங்கிக்கொண்டு போய் ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் பிளேடு விட்டுப் பிரித்ததில் பெரியப்பா முகம் பிளாஸ்டிக் தாளோடு போய்விட்டது, போட்டோவில் சட்டை மட்டும் நிற்கிறது. அந்தக் கோபத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆல்பத்தைத் தொடுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு, அதைத்தான் நான் செய்யவில்லை. சொந்தக்காரர்களுக்குப் போன் போடுங்கள். பெண் வீட்டில் ஒரு ஆல்பம், மாப்பிள்ளை வீட்டில் ஒரு ஆல்பம் என்று வாங்கிப்போன காலம் அது. கடல் வந்தது கரையோர ஊர்களுக்குத்தான், திருவாரூரிலும் கும்பகோணத்திலும் இருக்கும் சம்பந்தி வீட்டுப் பீரோவுக்குள் அது போகவில்லை. காதுகுத்து, வளைகாப்பு, பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எடுத்தது என்று உங்கள் வீட்டு ஆட்களின் முகம் அடுத்தவர் ஆல்பத்தில் நனையாமல் இருக்கும். எங்களுக்கு அப்படி இதுவரை பதினோரு படம் கிடைத்தது.

எதுவும் கிடைக்கவில்லை என்றால் பிரிக்கலாம். மழை மாதத்தில் வேண்டாம், ஐப்பசி கார்த்திகையில் டெல்டாவில் அப்பளமே நமுத்துப்போகும், போட்டோ எங்கே காயும்? தை, மாசி சரியான நேரம். முதலில் ஆல்பம் எப்படி இருக்கிறதோ அப்படியே, கறையும் மணலுமாக, ஒவ்வொரு பக்கத்தையும் போனில் எடுத்துவையுங்கள், ஏனென்றால் பிரிக்கும்போது என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பசைத் தாளில் முதுகு ஒட்டிய படம் என்றால் மெல்லிய தங்கூஸ் நரம்பை (மீன்பிடிக்கும் நைலான் நூல்) ஒரு மூலையில் நுழைத்து, மேலே தூக்காமல், இரண்டு கையாலும் மெதுவாக அறுப்பதுபோல இழுத்துக்கொண்டே வாருங்கள். நம் ஊரில் எந்த வீட்டிலும் கிடைக்கும் சாமான், இந்த வேலைக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

முகப்பக்கம் பிளாஸ்டிக்கோடோ இன்னொரு படத்தோடோ ஒட்டியிருந்தால் தண்ணீர்தான் வழி. கலர் லேபில் பிரிண்ட் போட்ட படம் தண்ணீர் தாங்கும், அதன் மேல்பூச்சு ஜெலட்டின், ஊறினால் இளகும். கம்ப்யூட்டர் பிரிண்டரில் எடுத்த படமும், கையால் வண்ணம் தீட்டிய பழைய கறுப்பு வெள்ளையும் தாங்காது, அவற்றை நனைக்கவே கூடாது. பூஞ்சை பிடித்துப் பொடியாக உதிர்வதையும் விட்டுவிடுங்கள். அடிபம்புத் தண்ணீர் வேண்டாம், கரையோரத்தில் அது உப்பு, ஏற்கெனவே உப்பு ஏறிய படத்துக்கு இன்னும் உப்பு ஏற்றுவதில் என்ன பிரயோஜனம். மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்ற விற்கிறார்களே, அந்த டிஸ்டில்டு வாட்டர் போதும். முக்கியமில்லாத ஒரு படத்தில் முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு, தட்டில் ஊற்றி அரை மணி, ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். தானாக நழுவினால் நழுவட்டும், அடம்பிடித்தால் அதை அப்படியே காயவைத்து, பிளாஸ்டிக்கோடு சேர்த்தே ஸ்கேன் எடுங்கள். ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டியதற்கும் இதே பதில். பிரிந்த படத்தின் முகத்தை விரலால் துடைக்காதீர்கள், ஈரத்தில் மேல்பூச்சு வழித்துக்கொண்டு வந்துவிடும். முகம் மேலே பார்க்க, பழைய வேட்டித் துணியில், நிழலில் காயட்டும். வெயிலில் வைத்தால் அப்பளமாகச் சுருளும்.

ஸ்கேனரில் 600 டிபிஐ வையுங்கள். போன்தான் இருக்கிறது என்றால் ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் பக்கத்தில், போனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது சுருக்கிவிடும்.

இதெல்லாம் கைவேலை. கஷ்டமானது பேச்சு, அதாவது படத்தில் இருப்பவர்களையும் அந்த நாளையும் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைப்பது.

டிசம்பர் 26 அன்று போய்க் கேட்காதீர்கள். அன்றைக்குக் கடலில் பால் ஊற்றிவிட்டு வருகிறவர்களிடம் ரெக்கார்டரை நீட்டுவது நியாயமில்லை. வேறொரு மாதம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், படத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். "அன்னைக்கு என்ன ஆச்சு பெரியம்மா" என்று நான் கேட்டபோதெல்லாம் "என்ன ஆச்சு, எல்லாம் போச்சு" என்பதோடு முடித்துவிடுவார். காதுகுத்துப் படத்தைக் கொடுத்தபோது பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இந்தப் பொடவ கரை பிரிஞ்சுதுன்னு கடக்காரன்கிட்ட சண்ட போட்டேன்" என்று ஆரம்பித்தார், அந்தப் புடவை அன்று காலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, அதை எடுக்கத்தான் கொல்லைப்பக்கம் போனார், அங்கிருந்துதான் தண்ணீரைப் பார்த்தார். நாற்பது நிமிடம் பேசினார். ஆகவே அடுப்பில் என்ன இருந்தது, யார் மீன் ஏலத்துக்குக் கரைக்குப் போயிருந்தார், பிள்ளைகள் எங்கே விளையாடின என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணியில் கூட்டம், எல்லோருக்கும் ஏதாவது ஒன்று பிடிகிடைக்கும்.

நேரம் குழம்பும். சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலுக்கடியில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை 6:28-க்கு, அளவு 9.1. அங்கிருந்து வடக்கே அந்தமான் பக்கம்வரை சுமார் 1,300 கிலோமீட்டருக்குக் கடல்தரை பிளந்தது. நாகைக் கரைக்கு அலை வந்தது ஒன்பது மணிவாக்கில். ஒருவர் விடிகாலை என்பார், இன்னொருவர் வெயில் ஏறிவிட்டது என்பார். திருத்தாதீர்கள், சொன்னதை அப்படியே எழுதி, பக்கத்தில் இந்த இரண்டு நேரத்தையும் குறித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் பக்குவமாகக் கேட்டுவிட வேண்டும்: கண்ணால் பார்த்ததா, டிவியில் பார்த்ததா? வாரக்கணக்கில் அதே காட்சியைப் போட்டுக் காட்டியதில் இரண்டும் கலந்துவிட்டது, அவர்கள் மேல் தப்பில்லை. 1977 புயலும் 2018 கஜாவும்கூட நடுவில் வந்து நிற்கும். எங்கள் வீட்டில் தென்னை விழுந்த படம் ஒன்றைச் சுனாமிப் படம் என்றே வைத்திருந்தோம், ஓரத்தில் ஒரு ஸ்மார்ட்போன் தெரிந்த பிறகுதான் அது கஜா என்று புரிந்தது.

பெயர் எழுதும்போது பால்பாயின்ட் பேனாவைப் படத்தின் முதுகில் வைத்து அழுத்தாதீர்கள், முகப்பக்கம் வரி விழும். தனித்தாளில் பென்சிலால் எழுதி உறையில் சேர்த்துவையுங்கள். இடமிருந்து வலம் யார், எந்த ஊர், யார் சொன்னது. தரங்கம்பாடி, பூம்புகார் படம் என்றால் இப்போது மயிலாடுதுறை மாவட்டம், 2004-ல் நாகை மாவட்டம், இரண்டையும் போடுங்கள். பெயர் தெரியாதவர் இருந்தால் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள், ஊகித்து ஒரு பெயர் போட்டால் அடுத்த தலைமுறைக்கு அதுதான் உண்மையாகிவிடும்.

உப்புப் பூத்த அசல்களைத் தூக்கி எறியவேண்டாம். பெரியப்பா முகம் போன அந்தப் படத்தையும் நான் தனி உறையில் வைத்திருக்கிறேன். காகித உறை, ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டு, தரையில் இல்லாமல் மேல் அலமாரியில். அந்துருண்டை வேண்டாம். நகல் ஒன்று போனில், ஒன்று பென்டிரைவில், மூன்றாவது செட்டைப் பிரிண்ட் போட்டுத் திருவாரூர் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன், அந்தப் பீரோவிலேயே இருக்கட்டும் என்று.